பிரெஞ்சு பேப்பர் வைத்திருந்த ஆமை

தைப்பூசத்தன்று விடியற்காலையில் காரைக்கால்மேட்டில் கரையேறிய படகுகளில், இளையபெருமாளின் படகில் மட்டும் மீனைவிடப் பேச்சு அதிகமாக இருந்தது.

"மாமா, இன்னும் நேரம் இருக்கு. ஏலத்துக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள தூக்கிக் கடல்ல போட்டுடுவோம்" என்றான் மதியழகன். அவன் இளையபெருமாளின் மனைவி லோகாம்பாளுக்குத் தம்பி. படகில் சரிபாதிப் பங்காளி.

"போட்டா?"

"அது வழிய அது பாத்துக்கும்."

"எங்கேருந்து பாத்துக்கும்? அது கையப் பாருடா."

மதியழகன் குனிந்து பார்த்தான். படகின் அடியில், நனைந்த சாக்கின்மேல், முறத்தைவிட அகலமான ஒரு கடலாமை கிடந்தது. அதன் வலது முன்துடுப்பைச் சுற்றிப் பச்சை நிறத்தில் கனத்த நைலான் கயிறு. அந்த நிறத்தில், அந்தக் கனத்தில் இந்தக் கரையில் யாரும் வலை வாங்குவதில்லை. எந்தத் தேசத்துக் கப்பலோ அறுத்துவிட்டது, எத்தனை மாதமாகவோ கடலில் மிதந்து வந்து, இந்த ஆமையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இளையபெருமாள் கடலிலேயே கத்தியை எடுத்து ஒவ்வொரு சுற்றாக அறுத்திருந்தான். கடைசிச் சுற்று மட்டும் சதைக்குள் புதைந்திருந்தது. அலையில் படகு ஆடியது. கை தவறினால் நரம்பை அறுத்துவிடுவோமோ என்று பயந்து நிறுத்திவிட்டான். கரைக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்று அதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த பிறகுதான் பயம் வந்தது.

கடலாமையைப் பிடிப்பது குற்றம் என்று மேட்டில் எல்லோருக்கும் தெரியும். பிடிப்பது வேறு, காப்பாற்றக் கொண்டுவருவது வேறு என்பதைச் சட்டம் அறியுமா என்பதுதான் யாருக்கும் தெரியாது. வேறு ஏதோ ஓர் ஊரில், ஆமையோடு கரையேறிய ஒருவனின் படகை எடுத்துக்கொண்டு போய் ஓர் அலுவலக வாசலில் போட்டார்களாம். அது அங்கேயே கிடந்து, அதற்குள் புல் முளைத்துவிட்டதாம். அந்த ஆளின் பெயரையோ ஊரையோ யாரும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் படகில் புல் முளைத்ததை மட்டும் எல்லோரும் நேரில் பார்த்ததுபோலச் சொன்னார்கள்.

"நம்ம படகுலயும் புல்லு மொளைக்கணுமா மாமா?" என்றான் மதியழகன். "பாதிப் படகு என்னுது. ஒங்க பாதியில வேணா மொளைக்கட்டும்."

"இந்தக் கயித்தோட விட்டா கை அழுவிடும்டா."

"அதுக்கு?"

இளையபெருமாள் ஆமையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மதியழகன் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாக அதை வலை பின்னும் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், நிழலில் இறக்கி, சாக்கை நனைத்து முதுகில் போட்டார்கள்.

லோகாம்பாள் அப்போதுதான் பூசத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய் மூடி, வாழைப்பழம், ஒரு பொட்டலம் நிறையக் குங்குமம். ஆமையைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பெருமாளே! இன்னிக்கா வந்தீங்க!"

"பெருமாள் இல்லக்கா, கேஸு வந்துருக்கு" என்றான் தம்பி.

"சும்மா கெடடா. மருமவன் விசேஷத்துக்குத் தாய்மாமன் வந்துருக்காரு. வந்தவர வெறும் நெத்தியோட அனுப்புறதா?"

வலையில் ஆமை வந்தால் அதைப் பெருமாளாக எண்ணி, கும்பிட்டு, வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். வழக்கமாகக் கடலில் குங்குமம் இருக்காது; கும்பிடு மட்டும்தான். இன்று குங்குமம் இருந்தது, பூசம் வேறு. லோகாம்பாள் தாராளமாக வைத்தாள். தலையில் ஒரு பெரிய பொட்டு. ஓட்டின்மேல் கட்டம் கட்டமாக ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. பிறகு, கை வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு, கயிறு இறுகிய துடுப்பின் ஓரத்திலும் கொஞ்சம். ஈரச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீரில் அதெல்லாம் மெல்லக் கரைந்து ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இடது துடுப்பில் ஒரு சின்ன உலோகத் தகடு காதில் தோடு போலக் கவ்வியிருந்ததை முதலில் பார்த்தவன் மதியழகன்தான்.

"மாமா, இதுல என்னமோ எழுதிருக்கு. ஒரு நம்பரு. அப்புறம்... எஃப், ஆர், ஏ, என்..." அவன் நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "மாமா, இது பிரான்ஸ் ஆமை!"

"என்னாது?"

"பிரான்சுன்னு போட்டுருக்கு! இதுக்கு நேஷனாலிட்டி இருக்கு மாமா! நம்மூர்ல எத்தன பேரு அந்தப் பேப்பருக்கு அலையறாங்க, இது கையிலயே மாட்டிக்கிட்டுத் திரியுது!"

ஏலத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வந்தார்கள். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது ஒன்று இருக்கும்.

"மாசாமாசம் பென்ஷன் வரும்டா இதுக்கு."

"ஏ, யார் வூட்டுலயாவது பொண்ணு இருந்தா சொல்லுங்க. பேப்பர் உள்ள மாப்பிள்ளை."

"மாப்பிள்ளையா பொண்ணான்னு பாத்தியா?"

"எதுவா இருந்தா என்னா, விசா கெடைக்குமுல்ல?"

இளையபெருமாளும் சிரித்தான். ஆனால் சிரிப்புக்கு நடுவே படகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். நம் நாட்டு ஆமைக்கே படகில் புல் முளைக்குமானால், இன்னொரு நாட்டின் முத்திரை குத்திய ஆமைக்கு என்ன முளைக்கும்?

"கமர் நிஷா அக்காவக் கூப்புடுங்க" என்றாள் லோகாம்பாள்.

கமர் நிஷா பாரிஸுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் அங்கே நிலைத்த பிறகு, கணவரோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். பிரான்சிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் ஊரார் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று பார்க்காமல், காலைத் தொழுகை முடிந்த நேரத்திலிருந்து யார் வந்தாலும் படித்துச் சொல்வார். வாசலுக்கு வந்தவரைப் பதில் இல்லாமல் அனுப்புவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். யாரும் கேட்டு வைத்த கட்டுப்பாடு அல்ல அது. அப்படிப்பட்டவைதான் கடைசிவரை நிற்கின்றன.

ஸ்கூட்டரை மணலில் சிக்காமல் நிறுத்திவிட்டு, வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டபடி அவர் வந்தார். ஆமையின் முன்னால் உட்கார்ந்தார்.

"சுப்ஹானல்லாஹ்! இவ்ளோ அழகா? என்னாடி லோகு, மணப்பொண்ணு மாதிரி சோடிச்சு வெச்சிருக்க."

"மொதல்ல அதப் படிங்கக்கா. இவங்க பேசியே என்னய கொல்றாங்க."

கமர் நிஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டைப் பார்த்தார். "பிரான்சுதான். ஆனா பாரிஸ் இல்ல. ரெயூனியன் தீவு. இந்தக் கடல்லயே ரொம்பத் தூரத்துல, மொரீசியசுக்குப் பக்கத்துல இருக்கு. பிரான்சுக்காரங்க ஊரு. அங்க ஆமைக்குன்னு ஒரு காப்பகம் இருக்கு போல. கண்டவங்க தகவல் சொல்லுங்கன்னு போட்டுருக்கான்."

"சொன்னா என்ன செய்வாங்க?" என்றான் இளையபெருமாள்.

"சந்தோஷப்படுவாங்க."

"என்னய என்ன செய்வாங்கன்னு கேட்டேன்க்கா."

கமர் நிஷா அவனை நிமிர்ந்து பார்த்தார். கடலில் புயலைப் பார்த்துவிட்டு வந்தவன், மாட்டுவண்டி மோதிவிடுமோ என்று பயப்படுகிறவன்போல நின்றான். அவருக்குச் சிரிப்பும் வந்தது, மனமும் இளகியது.

"தம்பி, நீ செஞ்சத அப்படியே எழுதுறேன். கயித்த அறுத்ததும், கடைசிச் சுத்துக்குப் பயந்து நிறுத்துனதும், படகு போயிடுமோன்னு பயப்படுறதும். பொய் ஒண்ணும் இல்லியே இதுல? உண்மைய எழுதிட்டு அல்லாகிட்ட விட்டுடுவோம். ஒங்க பெருமாள்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிவை."

அவர் கைபேசியில் நான்கு படம் எடுத்தார். விறுவிறு என்று பிரெஞ்சில், தன் எண்ணையும் சேர்த்து, தகட்டில் இருந்த முகவரிக்கு எழுதினார். அனுப்பினார். குங்குமத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை விளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அங்கேதான் எல்லாம் தப்பாகப் போயிற்று.

அந்தத் தீவில் அன்று காலை காப்பகத்தில் தனியாக இருந்தவன், ஐரோப்பாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞன். நல்ல பிள்ளை. ஆமைகளுக்காகவே ஊரைவிட்டு வந்தவன். அவன் முதலில் படத்தைத் திறந்தான். ஆமையின் தலையில் சிவப்பு. ஓடு முழுக்கச் சிவப்புத் திட்டுகள். துடுப்பிலிருந்து மணலில் சிவப்பு வடிந்து நிற்கிறது. கூட்டமாக மனிதர்கள் சுற்றிநின்று சிரிக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு, கடிதத்தில் எழுதியிருந்த எதையும் அவனால் நிதானமாகப் படிக்க முடியவில்லை.

இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் கடலாமைகளுக்காகச் சேர்ந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கின்றன. இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது, பிரான்சும் கையெழுத்திட்டிருக்கிறது. ஆமைக்கு எல்லைக்கோடு தெரியாது; அதனால் அதைக் காக்கிறவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இளைஞன் அந்த வழியாகவே டெல்லிக்கு அவசரச் செய்தி அனுப்பினான். எங்கள் ஆமை ஒன்று உங்கள் காரைக்காலில் தலையில் அடிபட்டு இரத்தம் வழியக் கிடக்கிறது என்று. டெல்லி புதுச்சேரியை அழைத்தது. புதுச்சேரி காரைக்காலை அழைத்தது. காகிதமாக வந்திருந்தால் பங்குனி ஆகியிருக்கும். அன்று தொலைபேசியாக வந்ததால், இட்லி செரிப்பதற்குள் வந்து சேர்ந்தது.

வனத்துறையைச் சேர்ந்த வைத்தியலிங்கம் திருநள்ளாறுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குளித்து, வேட்டி கட்டி, பூசத்துக்குக் கோயிலுக்குப் புறப்பட்டபோது அழைப்பு வந்தது. வேட்டியை அவிழ்த்துவிட்டுக் காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டார். அரசுக் கால்நடை மருத்துவர் இனியாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

"சார், நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பாத்திருக்கேன். ஒரு தடவ மயிலுக்குப் பாத்தேன். ஆமை கிட்டக்கூட போனதில்ல" என்றாள் இனியா.

"எனக்கு மட்டும் என்னம்மா, பிரான்சுக்காரனோட ஆமைய யாரோ அடிச்ச கேசு தெனமும் வருதா?"

ஜீப் மேட்டுக்குள் நுழைந்ததைக் கண்டதும் கொட்டகையில் இருந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மதியழகன் இளையபெருமாளின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா, இப்பவும் நேரம் இருக்கு. தண்ணி பத்தடி தூரந்தான். நான் இந்தப் பக்கம் தூக்குறேன், நீங்க அந்தப் பக்கம் தூக்குங்க. ஆமையும் இல்ல, கேசும் இல்ல."

இளையபெருமாள் ஆமையைப் பார்த்தான். அது கழுத்தை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டது. வயதான மனிதர் தூக்கத்தில் விடும் மூச்சுபோல இருந்தது அது. வீங்கிய கை அசையவில்லை.

"படகு போனா இன்னொரு படகுல கூலிக்குப் போவேன்டா" என்றான். "இதுக்குக் கை போனா இன்னொரு கைக்கு எங்க போவும்?"

மதியழகன் ஓடிப்போகவில்லை. மாமனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். அந்தப் பாதிப் படகை அவன் விட்டுக்கொடுத்த நேரம் அதுதான்.

வைத்தியலிங்கம் வந்ததும் வராததுமாகச் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கலிங்க."

"அடிக்காம இவ்ளோ ரத்தம் எப்பிடி வரும்? தலையில பாரு. எதால அடிச்சீங்க? துடுப்பாலயா?"

"என்னாங்க சொல்றீங்க?" என்று முன்னால் வந்தாள் லோகாம்பாள். "அது குங்குமங்க!"

"என்னாது?"

"குங்குமங்க. கோயில் குங்குமம். காலையில அர்ச்சனை பண்ணது. ரத்தமாம்ல, ரத்தம்! பூசமும் அதுவுமா வாயக் கழுவுங்க!"

வைத்தியலிங்கம் குனிந்தார். ஆமையின் தலையை விரல் நுனியால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்த மணம், இன்று காலை அவர் போகாமல்விட்ட கோயிலை அப்படியே கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. நிமிர்ந்தபோது முகத்தில் அதிகாரம் பாதிதான் மிச்சம் இருந்தது.

"குங்குமந்தான்மா இது" என்றார் இனியாவிடம்.

"அதத்தானே சொல்றேன்" என்றாள் லோகாம்பாள்.

"எனக்குப் புரியுதும்மா. டெல்லிக்கு யாரு சொல்றது? படத்துல ரத்தம் இருக்கு, நான் குங்குமம்னு எழுதுனா நம்புவாங்களா?"

"தொடச்சுட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்றான் மதியழகன்.

"தொடச்சா சாட்சிய அழிச்சுட்டேன்னு சொல்லுவாங்க. தொடைக்கலன்னா ரத்தம்னு சொல்லுவாங்க."

"அதோட, சாமிக்கு வெச்ச குங்குமத்தத் தொடைக்க நான் விடமாட்டேன்" என்றாள் லோகாம்பாள்.

இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் கூடிப் பேசினாலும் தீராத சிக்கல்போல அது நின்றது. அப்போது கமர் நிஷாவின் கைபேசி அடித்தது. அவர் திரையைப் பார்த்தார்.

"தீவுலேருந்து. வீடியோ."

எல்லோரும் நெருக்கினார்கள். வைத்தியலிங்கம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். திரையில் ஒரு பெண்மணியின் முகம் வந்தது. ஐம்பது வயது இருக்கும். தலையில் மல்லிகை, மஞ்சள் புடவை. புருவத்துக்கு நடுவில், வட்டமாக, வெயிலில் கொஞ்சம் கரைந்து மூக்கின்மேல் வடிந்த குங்குமம்.

கொட்டகையில் எல்லோரும் அந்த நெற்றியையும் ஆமையின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மணி பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொல்லத் தொடங்கினார். கமர் நிஷா கைபேசியை ஆமையின் பக்கம் திருப்பினார். பேச்சு நின்றது. ஒரு விநாடி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, ஆமையைக் காட்டி, ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"குங்குமம்?"

"ஆமாங்க! குங்குமந்தாங்க!" என்று கத்தினாள் லோகாம்பாள். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்போல. "பாத்தீங்களா, அந்தம்மாவுக்குத் தெரியுது!"

அவர் அந்தக் காப்பகத்தின் தலைமை மருத்துவர். பெயர் சோலாஞ் மினாட்சி, நம்மூர் மீனாட்சிதான். அன்று அங்கேயும் பூசம். காவடி ஊர்வலத்தில் இருந்தவருக்கு, இளைஞன் பதறியடித்து அனுப்பிய படம் அப்போதுதான் கையில் கிடைத்ததாம். பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். அடிபட்ட இரத்தம் இப்படிக் கட்டத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வருமா? கமர் நிஷா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, கொட்டகையில் சிரிப்பு மேலும் மேலும் ஏறியது.

"இவங்க முன்னோர் காரைக்கால்லதான் கப்பல் ஏறுனாங்களாம்" என்றார் கமர் நிஷா. "கரும்புத் தோட்டத்துக்கு. தமிழ் பேச வராது. சாமி பேரும், பூவு, குங்குமம், கற்பூரம்னு பூசைக்கு உள்ள வார்த்தைங்களும் மட்டும் தெரியுமாம்."

"அப்ப ஆமை வழி விசாரிச்சுட்டுத்தான் வந்துருக்கு" என்றான் மதியழகன்.

மினாட்சி அம்மையார் சிரிப்பை நிறுத்திவிட்டு, துடுப்பைக் காட்டச் சொன்னார். இப்போது அவர் முகம் மருத்துவர் முகம். இனியா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். இளையபெருமாள் ஆமையின் ஓட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். தீவில் ஒருவர் சொல்ல, கமர் நிஷா அதைத் தமிழாக்க, கமர் நிஷாவின் கைபேசியை வைத்தியலிங்கம் ஆடாமல் பிடித்திருக்க, இனியா கத்திரிக்கோலின் நுனியைக் கயிற்றுக்கும் சதைக்கும் நடுவே மெல்ல நுழைத்தாள்.

"மேல் பக்கத்துலேருந்து வரச் சொல்றாங்க. கீழ நரம்பு இருக்காம்."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் வெளியில. அங்கதான். அவசரம் வேணாங்கறாங்க."

ஆமை ஒருமுறை திமிறியது. இளையபெருமாள் அதன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "இருங்க, இருங்க, ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று குழந்தைக்கு ஊசி போடும்போது சொல்வதுபோலச் சொன்னான். கத்திரிக்கோல் கிளிக் என்றது. கயிறு விடுபட்டு மணலில் விழுந்தது. இனியா புண்ணைக் கழுவி, மருந்து வைத்தாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வீங்கிய துடுப்பு மெல்ல மேலே எழுந்து, மணலை ஒருமுறை தட்டியது.

காரைக்காலில் ஒரு கொட்டகையும், எங்கோ ஒரு தீவில் ஒரு கோயில் வாசலும் ஒரே நேரத்தில் கைதட்டின.

கைதட்டல் அடங்கியதும் இளையபெருமாள் வைத்தியலிங்கத்தின் முன்னால் போய் நின்றான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

"சார், படக எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"

"எந்தப் படகு?"

"ஆமையக் கரைக்குக் கொண்டாந்தது குத்தந்தானுங்களே."

வைத்தியலிங்கம் அவன் பக்கம் திரும்பினார். "காப்பாத்தறதுக்குக் கொண்டாந்து, ஒடனே எங்களுக்குத் தகவல் சொல்லிட்டா, அத யாரும் வேட்டைன்னு சொல்ல மாட்டாங்கய்யா. சட்டம் ஆமையக் காப்பாத்தத்தான் இருக்கு. ஆமையக் காப்பாத்துனவனப் புடிக்க இல்ல."

"நான் ஒங்களுக்குச் சொல்லலிங்களே."

"சொன்னியே. இந்தம்மா மூலமா பிரான்சுக்குச் சொன்ன, பிரான்சு டெல்லிக்குச் சொல்லிச்சு, டெல்லி புதுச்சேரிக்குச் சொல்லிச்சு, புதுச்சேரி எனக்குச் சொல்லிச்சு. சுத்தி வந்தாலும் வந்து சேந்துடுச்சுல்ல?" அவர் ஒரு சீட்டில் தன் கைபேசி எண்ணை எழுதி நீட்டினார். "அடுத்த தடவ நேரா எனக்கே போடு. ஜீப்புல வர அரை மணி. எதுக்கு ஆமைக்காக உலகத்தச் சுத்தணும்?"

இளையபெருமாள் அந்தச் சீட்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு மைத்துனனைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னா மாமா அப்பிடிப் பாக்கறீங்க? நான் ஆரம்பத்துலேருந்து ஒண்ணும் ஆவாதுன்னுதானே சொல்லிட்டு இருக்கேன்" என்றான் மதியழகன். கொட்டகை இடிந்துவிடுவதுபோலச் சிரித்தது.

வெயில் சாயும்வரை ஆமையை நிழலில் வைத்திருந்து விடச் சொன்னார் மினாட்சி அம்மையார். விடுவதற்கு முன் குங்குமத்தைத் துடைத்துவிடுங்கள், புண்ணில் பொடி இறங்கக் கூடாது என்றும் சொன்னார். தானே குங்குமம் வைத்திருக்கிறவர் சொன்னதால் லோகாம்பாளால் மறுக்க முடியவில்லை. ஆனால் துணியை எடுக்கவும் கை வரவில்லை.

"நான் வெச்சத நானே எப்பிடி அழிக்கறது?"

"நவுரு" என்றார் கமர் நிஷா. துப்பட்டாவின் முனையைக் கடல்தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் தொடைக்கிறேன். ஒனக்குப் பாவம் வராது. எனக்கு ஏதாவதுன்னா நான் என்னயப் படைச்ச ரப்புகிட்ட பேசிக்கிறேன். அவனுக்கு என்னய தெரியும்."

ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, கண்ணில் படாமல், காயத்தில் படாமல் துடைத்தார். ஒவ்வொரு கட்டமாகக் கரும்பச்சை ஓடு வெளியே வந்தது. வெள்ளைத் துப்பட்டாவின் முனை சிவப்பாகியது. இதை இன்று வீட்டில் பார்த்தால் அவர் கணவர் முகைதீன் பிச்சை முதலில் பயப்படுவார், பிறகு முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொல்வார்.

லோகாம்பாளின் பொட்டலத்தில் இன்னும் குங்குமம் மிச்சம் இருந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். வைத்தியலிங்கத்தின் வெறும் நெற்றி கண்ணில் பட்டது.

"நீங்க கோயிலுக்குப் போவலிங்களா இன்னிக்கு?"

"எங்கம்மா விட்டீங்க?"

"இப்பிடி வாங்க. ஆமைக்குத்தான வைக்கக் கூடாது? ஒங்களுக்கு வைக்கலாமுல்ல?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆமைக்கு வைத்த அதே தாராளத்தோடு வைத்துவிட்டாள். வைத்தியலிங்கம் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். கோயில் தன்னைத் தேடிக் கடற்கரைக்கு வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஒரு நல்ல காரியத்துக்காக வழிபாட்டைத் தவறவிட்டவனிடம் கடவுள் கணக்குப் பார்ப்பதில்லை.

மாலையில் ஆமையைப் படகில் ஏற்றினார்கள். வைத்தியலிங்கமும் வருவேன் என்றார்; விட்டதற்குப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். வயலைத் தவிர வேறு எதிலும் இறங்கிப் பழகாதவர். முதல் அலையிலேயே படகின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது அலை முகத்தில் அடித்தது. மதியழகன் "பயப்படாதீங்க சார், இது சின்ன அலை" என்றான். அவர் அதை நம்பவில்லை.

அலைக்கு அப்பால் தண்ணீர் நீலமாகத் தொடங்கும் இடத்தில் இளையபெருமாள் எஞ்சினை நிறுத்தினான். மாமனும் மைத்துனனுமாக ஆமையைத் தூக்கி, விளிம்பின்மேல் வைத்து, மெல்ல நழுவவிட்டார்கள். அது உடனே போகவில்லை. படகின் ஓரமாகவே மிதந்தது. வலது கையை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. மறுபடி ஒருமுறை. பிறகு ஒரே வீச்சு. இரண்டு கையும் ஒன்றாக விரிந்தன. பறவை பறப்பதுபோல அது கீழே கீழே போய், பச்சையில் கரைந்தது.

"போயிட்டு வாங்க" என்றான் இளையபெருமாள்.

"பேப்பர பத்திரமா வெச்சுக்க!" என்று கத்தினான் மதியழகன்.

வைத்தியலிங்கம் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் படம் எடுத்தார். கடைசியாக, ஆதாரத்துக்காக, தன் முகமும் கடலும் தெரியும்படி ஒன்று. கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் புதுச்சேரிக்கு அனுப்பினார். கமர் நிஷா கேட்டதால் தீவுக்கும் அனுப்பினார்.

தீவிலிருந்து பதில் வர நேரமாகவில்லை. எழுதியவன் காலையில் பதறிய அந்த இளைஞன். கமர் நிஷா வாசித்துக் காட்டினார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தான். மீனவர் செய்ததைத் தங்கள் பதிவில் நன்றியோடு சேர்த்துவிட்டதாகவும், ஆமைக்கு இதுவரை எண் மட்டுமே இருந்ததாகவும், இனி அதற்கு 'பூசம்' என்ற பெயரும் இருக்கும் என்றும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. கமர் நிஷா அதைப் படிக்கும் முன்னே சிரித்துவிட்டார்.

"என்னாக்கா?"

"அதிகாரியோட படத்தப் பாத்தானாம். நெத்தியிலேருந்து மூக்கு, தாடை வரைக்கும் செவப்பா வடியுதாம். இந்தத் தடவ நான் பதறல, இது குங்குமந்தானேங்கறான்."

எல்லோரும் வைத்தியலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அலை அடித்ததில் லோகாம்பாள் வைத்த குங்குமம் முழுக்கக் கரைந்து, காக்கிச் சட்டை வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் கையால் தடவி, சிவந்த விரல்களைப் பார்த்து, தானும் சிரிக்கத் தொடங்கினார்.

"ஆமான்னு எழுதுங்கக்கா" என்றாள் லோகாம்பாள், பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே. "அவனுக்கும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."